கையொப்பம் இடுபவர்களும் கேள்வி கேட்கட்டும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்படியான விழாவில் ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால், சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், நடவுங்கள் என்று சொல்லப்போகிறார் என்றே சபை எதிர்பார்க்கும். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னர் அந்த உபதேசத்தைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும். ஆகவே இன்று உங்களுக்கு உபதேசம் இல்லை. எங்கள் பக்கத்தில் நடந்த ஒரு தவறைச் சொல்லி, அதைத் திருத்த உங்கள் உதவியைக் கேட்கவே வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் குழு ஓர் ஆய்வைச் செய்தது. நீரிழிவு, அதாவது எங்கள் வீடுகளில் சலரோகம், சீனி வருத்தம் என்று சொல்லும் நோய், நீண்ட காலம் இருந்தால் காலின் நரம்புகளைப் பாதிக்கும். பாதம் விறைத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது, சுடுமணலில் நடந்து கொப்புளம் வந்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சிறு காயம் ஆறாத புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரும். இப்படிப்பட்டவர்களுக்குப் பொருத்தமான செருப்பும் பாதத்தைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியும் கொடுத்தால் புண்கள் குறையுமா என்பதே எங்கள் கேள்வி. கிளினிக்குக்கு வருபவர்களில் சம்மதித்தவர்களைச் சீட்டுக் குலுக்குவது போல எழுமாற்றாக இரண்டாகப் பிரித்தோம். ஒரு பகுதியினருக்குச் செருப்பும் பயிற்சியும் கிடைத்தன. மற்றப் பகுதியினருக்கு வழமையான சிகிச்சை தொடர்ந்தது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் பலன் தெரியும். விஞ்ஞான முறை அதுதான்.

இரண்டாம் பகுதியினருக்கு நாங்கள் அனுப்பிய கடிதத்தில், 'தாங்கள் கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தெரிவுசெய்யப்பட்டுள்ளீர்கள்' என்று எழுதியிருந்தோம்.

அந்தக் குழுவில் இடியப்பம் அவித்து விற்கும் ஓர் அம்மா இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. கடிதம் போன பிறகு அவர் ஆய்வுக்கும் வரவில்லை, கிளினிக்குக்கும் வரவில்லை. எங்கள் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு நேரே 'தொடர்பு அறுந்தவர்' என்று எழுதினோம். எல்லா ஆய்விலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். கடைசியில் அது அட்டவணையில் ஓர் எண்ணாக வரும்.

பத்து மாதங்களின் பின் அவரை வார்டில் கண்டோம். காற்புண் முற்றி இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். "ஏன் அம்மா கிளினிக்குக்கு வரேல்லை?" என்று கேட்டோம். அவர் எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்கள்தானே டொக்டர் கடிதம் அனுப்பினியள், என்னைக் கட்டுப்பாட்டுக் குழுவில போட்டாச்செண்டு. சீனியைக் கட்டுப்பாட்டில வைச்சிருக்காத ஆக்களைத் தனியாப் பிரிச்சுப் போட்டியள் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு என்னெண்டு உங்கட முகத்தில முழிக்கிறது?"

சபையோரே, ஒப்பீட்டுக்காக வைத்திருக்கும் குழுவுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை அப்படியே தமிழாக்கினால் 'கட்டுப்பாட்டுக் குழு' என்றுதான் வரும். பாடநூலில் அது சரியான கலைச்சொல். ஆனால் ஒவ்வொரு கிளினிக்கிலும் 'உங்கட சீனி கட்டுப்பாட்டில் இல்லை' என்று ஏச்சு வாங்கிப் பழகிய ஒருவருக்கு அந்தச் சொல் ஒரு தண்டனை அறிவித்தல். படிவங்களை எழுதியவர்கள் நாங்கள். அவற்றை அங்கீகரித்தவர்கள் படித்தவர்கள். அந்த நோய் உள்ள ஒருவரிடம் கொடுத்து, 'இதை வாசித்து என்ன விளங்குகிறது என்று சொல்லுங்கள்' என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அவர் கிளினிக்குக்குத் தொடர்ந்து வந்திருந்தால் அந்தப் புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டிருக்கலாம். அந்த இரண்டு விரல்களின் கணக்கில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்த ஆய்வுக்குத் தயாரானபோது, எழுதிய தகவல் தாளை எடுத்துக்கொண்டு எங்களுக்கு இந்தக் கல்லூரியில் தமிழ் கற்பித்த ரீச்சரிடம் போனோம். ஓய்வுபெற்றுப் பல வருடங்கள். அவருக்கும் சலரோகம் உண்டு. கண்ணாடியைப் போட்டார், சிவப்புப் பேனையை எடுத்தார். வகுப்பில் கொப்பியைக் கொடுத்துவிட்டு நிற்பதைப் போலவே நாங்கள் நின்றோம்.

முதற் பக்கத்தில் ஒரு வசனம்: 'பங்குபற்றுநர்களிடமிருந்து குருதி மாதிரிகள் பெறப்பட்டுப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்படும்.' அதன் கீழே கோடு போட்டார். "பிள்ளை, இந்த வசனத்துக்கு எழுவாய் எங்கை?" என்றார். நாங்கள் விழித்தோம். "நாலு பக்கத்திலயும் தேடிப் பார்த்தன். எடுக்கப்படும், வைக்கப்படும், அனுப்பப்படும். ஆர் எடுக்கிறது? எவ்வளவு எடுக்கிறது? எங்கை கொண்டுபோறது? செய்யிற ஆளைக் காணேல்லை. நாங்கள் எல்லாரும் செயப்படுபொருளா மட்டும் இருக்கிறம்." பத்துக்கு நாலு புள்ளி தந்தார். கையெழுத்து வடிவென்று ஒரு புள்ளி கூட்டியதாகவும் சொன்னார்.

அந்த வசனம் இப்போது இப்படி இருக்கிறது: 'எங்கள் தாதி உங்கள் கையில் இருந்து ஒரு தேக்கரண்டியளவு, அதாவது 5 மில்லிலீற்றர், இரத்தம் எடுப்பார். அதை எங்கள் ஆய்வுகூடத்தில் மட்டும் சோதிப்போம். ஆய்வு முடிந்ததும் மிச்ச இரத்தத்தை அழித்துவிடுவோம்.' எழுவாய் வந்தவுடன் பொறுப்பும் வந்துவிட்டது. யார் அழிப்பது, எப்போது அழிப்பது என்று அதற்கு முன்னர் எங்கள் குழுவிலேயே தீர்மானித்திருக்கவில்லை.

ரீச்சர் சொன்ன குறை எங்கள் படிவத்துக்கு மட்டும் உரியதல்ல. மருத்துவ ஆய்வுலகம் நெடுங்காலம் நோயாளரைச் செயப்படுபொருளாகவே வைத்திருந்தது. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளின் ஒழுக்கநெறிக்கு அடிப்படையாக இருப்பது ஹெல்சிங்கிப் பிரகடனம். உலக மருத்துவச் சங்கம் அதை 1964இல் வெளியிட்டது. ஆய்வுக்கு உட்படுத்தப்படுவோர் என்ற பொருள் தரும் சொல்லே அதில் பல பதிப்புகளாக இருந்து வந்தது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அச்சொல்லை நீக்கிப் 'பங்கேற்போர்' என்ற பொருள் தரும் சொல்லை வைத்தார்கள். ஆய்வுக்கு முன்னும், நடக்கும்போதும், முடிந்த பின்னும் அவர்களோடும் அவர்களது சமூகத்தோடும் கலந்து செயற்பட வேண்டும் என்றும் அதே திருத்தத்தில் சேர்த்தார்கள். ஒரு சொல் மாற 60 ஆண்டுகள்.

இந்த மாற்றம் வைத்தியர்களுக்குத் தானாக உதித்த ஞானமல்ல. நோயாளர்கள் கேட்டுப் பெற்றது. 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஒரு சுகாதார மாநாட்டில், எயிட்ஸ் நோயோடு வாழ்ந்த சிலர் மேடையேறித் தங்கள் கோட்பாடுகளை வாசித்தார்கள். எங்களைப் பலியானவர்கள் என்று அழைக்காதீர்கள், எங்களைப் பற்றித் தீர்மானம் எடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் எங்களுக்கு இடம் தாருங்கள் என்பது அவற்றின் சாரம். அப்போது அந்நோய்க்கு மருந்தே இல்லை. மேடையில் நின்றவர்கள் தங்களுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று தெரியாதவர்கள். பின்வந்த ஆண்டுகளில் அவர்களுடைய இயக்கம் மருந்துப் பரிசோதனைகளின் அமைப்பையும், புதிய மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கும் முறையையும் மாற்றியது.

இன்னொரு நோயைப் பாருங்கள். ருமற்றொயிட் எனப்படும் மூட்டுவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவது. அதன் மருந்துகளைச் சோதிக்கும்போது எதையெல்லாம் அளக்க வேண்டும் என்று தீர்மானிக்க 'ஒமெராக்ட்' என்ற சர்வதேசக் குழு 1992 முதல் கூடி வருகிறது. வீங்கிய மூட்டுகளை எண்ணினார்கள், வலியைக் கேட்டார்கள், இரத்தத்தைச் சோதித்தார்கள். 2002இல் முதன்முறையாக நோயாளர் சிலரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். வந்தவர்கள், "எங்களை வாட்டுவது களைப்பு. நித்திரை கொண்டு எழும்பினாலும் போகாத களைப்பு. அதை ஏன் நீங்கள் அளப்பதில்லை?" என்ற பொருள்படக் கேட்டார்கள். அத்தனை நிபுணர்கள் பத்தாண்டுகளாகக் கூடியும் அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை. அதன்பின் அதை ஆராய்ந்தார்கள். இந்நோய் பற்றிய ஆய்வுகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை 2007இல் வெளியானது.

முதல் வரிசையில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு முழங்கால் தேய்வு என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லோரும் கை உயர்த்துவீர்கள், சிலருக்குத் தோளும் வலிக்கும். அந்த முழங்கால் தேய்வைப் பற்றி இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகர ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளிவந்த ஆய்வுகளைக் கணக்கெடுத்தால் பெரும்பாலானவை மாத்திரை மருந்துகளையும் சத்திரசிகிச்சையையும் பற்றியவை. நோயாளரைக் கேட்டாலோ, நோயைப் பற்றிய அறிவு, தாங்களே சமாளிக்கும் வழிகள் போன்றவற்றுக்கு அவர்கள் கொடுத்த இடம் ஆய்வுகளில் கிடைக்கவில்லை. பணம் ஓரிடத்தில் ஓடுகிறது, தேவை வேறிடத்தில் இருக்கிறது.

இந்த இடைவெளியைக் குறைக்க 2004இல் பிரித்தானியாவில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்ற ஓர் அமைப்பு உருவாயிற்று. 1747இல் கப்பலில் 12 மாலுமிகளை ஆறு சோடியாகப் பிரித்து, தோடம்பழமும் எலுமிச்சையும் ஸ்கேர்வி நோயைக் குணமாக்குவதைக் காட்டிய கப்பல் வைத்தியரின் பெயர் அது. அவர் மாலுமிகளைக் கேட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. அவருடைய பெயரில் இயங்கும் அமைப்பு கேட்கிறது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, நோயாளரையும் அவர்களைப் பராமரிப்போரையும் சிகிச்சை அளிப்போரையும் ஒரே மேசையில் சமமாக இருத்தி, இன்னும் பதில் கிடைக்காத கேள்விகளைச் சேர்க்கிறார்கள். ஏற்கனவே பதில் உள்ளவற்றைக் கழித்து, கடைசியில் மிக முக்கியமான பத்தைத் தெரிவுசெய்கிறார்கள். பணம் ஒதுக்குவோரும் ஆய்வாளரும் அந்தப் பத்தைப் பார்த்துத் தங்கள் ஆய்வைத் திட்டமிடலாம்.

'அது வெள்ளைக்கார நாடு, எங்கள் சனம் டொக்டர் சொன்னால் தலையாட்டும்' என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறோம். பாம்புக்கடியைப் பற்றி நெடுங்காலம் வைத்தியசாலைப் பதிவுகளைக் கொண்டே கணக்குச் சொன்னோம். 2012, 2013ஆம் ஆண்டுகளில் இலங்கை ஆய்வாளர்கள் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது, 400 பேருக்கு மேல் இறக்கிறார்கள் என்று தெரிந்தது. அரச வைத்தியசாலைகளுக்கு வருவோரின் எண்ணிக்கையைப் போல இது இரு மடங்களவு. வேறொரு குழு, கடியிலிருந்து பிழைத்தவர்களைப் பின்னாளில் தேடிப்போய் விசாரித்தது. உயிர் தப்பியதால் 'குணம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியவர்களில் ஒரு பகுதியினர் மனச்சோர்விலும் பயத்திலும் இருந்தார்கள். சிலர் தொழிலையே விட்டிருந்தார்கள். இவை ஒன்றும் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் பெட் ஹெட் டிக்கட்டில் இல்லை. கேட்கப் போனதால் தெரிந்தவை.

ஆனால் கேட்பதும் பங்காளியாக்குவதும் ஒன்றல்ல. எங்கள் சனத்தைக் கேள்வி கேட்டவர்கள் குறைவா? யுத்த காலத்தில் முகாம்களில் எத்தனை படிவங்கள்! 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஒரே கூடாரத்துக்கு எத்தனை பேர் எத்தனை வினாக்கொத்துகளோடு வந்தார்கள்! அந்த நாட்களில் நடந்த ஆய்வுகளின் ஒழுக்கநெறி பற்றி இலங்கை வைத்தியர்களே 2005இல் சர்வதேச மருத்துவ இதழில் கவலையோடு எழுதினார்கள். வந்தவர்கள் கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். என்ன கண்டார்கள் என்று திரும்பி வந்து சொன்னவர்கள் அரிது. இரத்தம் கொடுப்பதும் கேள்விக்குப் பதில் சொல்வதும் பங்குபற்றல். எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை அளப்பது, எப்படி எழுதுவது, முடிவை யாருக்குச் சொல்வது என்ற தீர்மானங்களில் இருப்பதே பங்காளித்துவம்.

எங்கள் இரண்டாவது ஆய்வில் இதைச் செய்து பார்த்தோம். தொடங்குவதற்கு முன்னர் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தோம். அதிலும் முதலில் ஒரு பிழை விட்டோம். ரீச்சரைப் போன்றவர்களையே அழைத்தோம்: ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால் அதிபர், வங்கியில் வேலை பார்த்தவர். எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். கூட்டம் முடிய ரீச்சர்தான் கேட்டார்: "இதில வெறுங்காலோட வயலுக்குப் போற ஆள் ஆர்?" ஒருவரும் இல்லை. எங்களைப் போன்றவர்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, பொதுமக்களைக் கேட்டுவிட்டோம் என்று திருப்திப்படவிருந்தோம். அடுத்த கூட்டத்துக்கு வயல் வேலைக்குப் போகும் இருவரையும், மீன் வாடியில் வேலைசெய்யும் ஒருவரையும் அழைத்தோம். இடியப்பம் அவிக்கும் அந்த அம்மாவையும் கேட்டோம். வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. வந்தார். கதவுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் இருந்தார். முதல் நாள் ஒன்றும் பேசவில்லை.

அந்தக் குழுவால் என்ன மாறியது?

எங்கள் வினாக்கொத்தில் 'வெறுங்காலுடன் நடப்பீர்களா?' என்று இருந்தது. "டொக்டருக்கு என்ன பதில் பிடிக்குமெண்டு எங்களுக்குத் தெரியும். எல்லாரும் இல்லையெண்டுதான் சொல்லுவம்" என்றார்கள். 'எந்த இடத்தில் செருப்பைக் கழற்றுவீர்கள்?' என்று கேட்கச் சொன்னார்கள். அப்படிக் கேட்டதும் உண்மை வந்தது: குசினி, கிணற்றடி, வயல், கோயில் வீதி. வெளியில் போடும் செருப்பை மட்டுமே நாங்கள் யோசித்திருந்தோம். அவர்களுடைய காலின் பாதி நாள் வீட்டுக்குள் கழிகிறது. வீட்டுக்குள் போட வேறொரு சோடி வேண்டும் என்பது அவர்கள் தந்த யோசனை.

வெறுவயிற்று இரத்தப் பரிசோதனைக்குக் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். நான்கு மணிக்கு எழும்பி, எல்லோருக்கும் சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, முதல் பஸ்ஸில் வந்து, பத்து மணிவரை வெறுவயிற்றோடு வரிசையில் நிற்பது பெண்களுக்கு என்ன என்பதை அவர்கள் சொல்லித்தான் கேட்டோம். இரத்தம் எடுக்கும் இடத்தை அவர்கள் ஊர் நிலையத்துக்கு மாற்றினோம்.

'ஏன் பாதிப் பேருக்கு மட்டும் செருப்பு?' என்பது கடினமான கேள்வி. ஒப்பீடு இல்லாமல் செருப்பினால்தான் புண் குறைந்தது என்று சொல்ல முடியாது என்பதை விளக்க ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள், நாங்களும் விட்டுக்கொடுத்தோம். ஆய்வு முடியும் நாளில் இரண்டாம் பகுதியினருக்கும் செருப்பும் பயிற்சியும் கொடுப்பது என்று திட்டத்திலேயே எழுதினோம். அதற்கான பணத்தையும் ஒதுக்கினோம்.

அப்போதுதான் கதவருகே இருந்த அம்மா வாயைத் திறந்தார். "அந்த ரெண்டாவது ஆக்களுக்கு என்ன பேர் வைக்கப் போறியள்?" என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்லவில்லை. "முந்திப் போலதானே அவையளுக்கு எல்லாம் நடக்கும்? அப்ப அதையே எழுதுங்கோவன்" என்றார். எங்கள் படிவங்களில் இப்போது கட்டுப்பாட்டுக் குழு இல்லை. 'வழமையான சிகிச்சையைத் தொடரும் பிரிவு' என்று இருக்கிறது. அந்தச் சொல்லைத் தந்தவர் அவர்.

எல்லாம் இலகுவாக நடந்தது என்று சொன்னால் பொய். பல மாதங்கள் தாமதமானது. கூட்டத்துக்கு வருபவரின் பஸ் காசையும் அன்றைய கூலியையும் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வந்து எங்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்லுங்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லை. அவர்கள் கேட்ட எல்லாவற்றையும் செய்யவும் இல்லை. இரத்தப் பரிசோதனைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொன்னார்கள். முடியாது, ஏன் முடியாது என்று காரணம் சொன்னோம். நோயாளர் சொல்வதெல்லாம் சரி என்பதல்ல எங்கள் வாதம். வைத்தியர் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது நோய். அதோடு வாழத் தெரிந்தவர்கள் அவர்கள். இரண்டு அறிவும் சேராமல் நல்ல கேள்வி பிறக்காது. கேள்வி பிழைத்தால், எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பதில் உதவாது.

இனி, இந்த மண்டபத்தில் இருப்பவர்களிடமும், இம்மலரை எங்கெங்கோ இருந்து வாசிக்கப் போகும் சகோதரிகளிடமும் எங்கள் வேண்டுகோள்.

உள்ளூரில் இருப்பவர்களே, மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். அக்குழுக்களில் வைத்தியர் அல்லாத பொதுமக்கள் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. படிவங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. அந்தத் தமிழை வாசித்து, 'இது என் அயலவருக்கு விளங்காது' என்று துணிந்து சொல்லக்கூடிய ஒருவர் அங்கே வேண்டும். இந்தச் சபையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! உங்கள் சிவப்புப் பேனையைத் தூக்கி வைத்துவிடாதீர்கள்.

உங்களிடமோ உங்கள் தாயிடமோ யாராவது ஆய்வுக்குச் சம்மதம் கேட்டு வந்தால், கையொப்பம் இடுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள். இந்தக் கேள்வியைத் தெரிவுசெய்தது யார்? எங்களிடமிருந்து எடுப்பதை எங்கே, எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்? நாங்கள் இடையில் விலகினால் எங்கள் சிகிச்சை பாதிக்கப்படுமா? முடிவை எங்களுக்கு எப்போது, எப்படிச் சொல்வீர்கள்? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல ஆய்வாளர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மூன்றாவது கேள்விக்கு 'பாதிக்கப்படாது' என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் கையொப்பம் இடாதீர்கள். கேட்டுத் திருப்தியடைந்தால் தயங்காமல் சேருங்கள். இன்று நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால், நமக்கு முன்னர் சம்மதித்த யாரோ இருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, உங்கள் நாடுகளில் இந்தக் கதவு ஏற்கனவே திறந்திருக்கிறது. பிரித்தானியாவில் அரசின் ஆதரவோடு பொதுமக்களை ஆய்வில் ஈடுபடுத்தும் பணி 1996 முதல் நடக்கிறது. அமெரிக்காவில் 2010இலும் கனடாவில் 2011இலும் இதற்கெனத் தனி ஏற்பாடுகள் உருவாகின. தெற்காசியருக்கு இளம் வயதிலேயே, உடல் பருக்காமலே நீரிழிவு வருவதும், இருதய நோய் வருவதும் நீங்கள் அறிந்தவை. ஆயினும் அந்த மேசைகளில் எங்கள் முகங்கள் குறைவு. உங்கள் அம்மா சோற்றையும் புட்டையும் எப்படி அளந்து உண்கிறார், விரத நாளில் மருந்தை என்ன செய்கிறார், வைத்தியர் சொன்னதில் எதை மகளிடம் மறைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அங்குள்ள ஆய்வாளருக்கு அது தெரிய வேறு வழி இல்லை. ஒரு கடிதம் எழுதி, வர விரும்புகிறோம் என்று சொல்லுங்கள்.

வைத்தியத் துறையிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் தங்கைமாரே, உங்களுக்குச் சொல்வது எங்களுக்கே சொல்வது. அடுத்த ஆய்வை எழுதும்போது முதல் பக்கத்தை எழுதுமுன் ஒரு நோயாளரோடு இருந்து பேசுங்கள். அவருடைய நாட்கூலியை வரவுசெலவில் எழுதுங்கள். முடிந்ததும் முடிவை அவருடைய ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். நாங்கள் அப்படி ஒரு வாசிகசாலையில் கூட்டி எங்கள் முடிவைச் சொன்ன நாளில் ஒரு முதியவர் எழும்பி, "இவ்வளவு காலத்தில இரத்தம் எடுத்துப்போட்டுத் திரும்பி வந்த முதல் ஆக்கள் நீங்கள்தான்" என்றார். பாராட்டுப் போலக் கேட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அது எவ்வளவு பெரிய குற்றச்சாட்டு என்று விளங்கியது.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பெண்பிள்ளைகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்காத காலத்தில் சில பழைய மாணவிகள் கூடி இந்தச் சங்கத்தை அமைத்தார்கள். வகுப்பில் எழும்பி நின்று 'விளங்கவில்லை ரீச்சர்' என்று சொல்லும் தைரியத்தை இந்தக் கல்லூரி எங்களுக்குத் தந்தது. அந்த ஒரு வசனத்தை வைத்தியசாலையிலும் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் நின்று, வெட்கத்தால் சொல்லாமல் தலையாட்டும் ஓர் அம்மாவுக்காகவும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த அம்மா இப்போதும் எங்கள் குழுவில் இருக்கிறார். இன்றைய சிற்றுண்டிக்கு இடியப்பமும் அவரிடம் எடுத்ததுதான். சாப்பிட்டுவிட்டு எப்படி இருந்தது என்று அவரிடமே சொல்லுங்கள். இந்த முறை அவர் கதவருகே இல்லை, மண்டபத்துக்குள் இருக்கிறார்.